மைலேஜ் இறங்கினால் முதலில் கியரைப் பாருங்கள்: அறிகுறி வாரியாக ஒரு சோதனை

லிட்டருக்கு 17 கொடுத்துக்கொண்டிருந்த என் வண்டி ஒரு கட்டத்தில் 14-க்கு வந்து நின்றது. 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், அஞ்சு கியர், சாதாரண ஹேட்ச்பேக். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள். பில் வந்தது, மைலேஜ் வரவில்லை.

அப்புறம் ஒருநாள் திருச்சியிலிருந்து சமயபுரம் போகும்போது எங்கள் தெரு டாக்ஸி டிரைவர் ஒருவர் கூட வந்தார். முப்பது வருடமாக ஸ்டீயரிங் பிடிப்பவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, வண்டி கத்துறது காதுல விழலையா? மூணாவதுலயே வச்சிருக்கீங்களே" என்றார். விழவில்லைதான். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்தேன். 55 கி.மீ. வேகத்தில் முள் 2,500-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சில மாதங்கள் சாலை வேலை நடந்தது. அடிக்கடி நிறுத்தி எடுக்க வேண்டியிருந்ததால் மூன்றாவதிலேயே ஓட்டிப் பழகிவிட்டேன். வேலை முடிந்து சாலை திறந்த பிறகும் கை மூன்றாவதைத் தாண்டவில்லை.

நாலாயிரம் ரூபாய்க்கு உதிரிபாகம் மாற்றுவதற்கு முன் ஓட்டுகிற கையையும் காலையும் சோதித்துக்கொள்ள என்ன செய்யலாம் என்பதை, எனக்கு வந்த அறிகுறிகளையும் மற்றவர்களிடம் பார்த்த அறிகுறிகளையும் வைத்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதலில், உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். என் வண்டியில் அது எப்போதும் ஒன்றிரண்டு கூட்டித்தான் காட்டும். டேங்கை நிரப்புங்கள், நாசில் தானாகக் கட் ஆகும் இடத்தில் நிறுத்துங்கள், ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், கட் ஆகும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் கணக்கு ஏமாற்றும். மூன்று டேங்க் சேர்த்துப் பாருங்கள்.

கம்பெனி சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு வருத்தப்படவும் வேண்டாம். அது ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் எண், சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுப்பது. அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், எந்த வேகத்தில் எந்தக் கியர் என்பதும் முன்கூட்டியே எழுதிவைத்தது. ஒப்பிடுவதானால் உங்கள் வண்டி போன வருடம் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-இல் கலப்பில்லாத பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைவு. 17 என்பது 16 ஆனால் இதைக் காரணம் சொல்லலாம். 14 ஆனதற்குச் சொல்ல முடியாது.

உங்கள் வண்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது பத்து நிமிட வேலை. டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். என் வண்டியில் 165/80 ஆர்14. டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழுமாக இரண்டு பக்கம் 264. நடுவில் 14 அங்குல ரிம், 356 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 620. சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.95 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 513 சுற்று.

சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைக் கியர் தீர்மானிக்கிறது. இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் ஐந்தாவது கியரில் மூன்றேகால், மூன்றாவதில் ஐந்தேகாலுக்குச் சற்று மேல் என்ற அளவில் இருக்கும். பெருக்கிப் பாருங்கள். அதே ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஐந்தாவதில் இன்ஜின் சுமார் 1,700 தடவை சுற்றுகிறது, மூன்றாவதில் 2,700 தடவை. மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்பதால், 60-இல் போகும்போது டாக்கோமீட்டரில் தெரிகிற எண்ணே ஒரு கிலோமீட்டருக்கான சுற்றுகளின் எண்ணிக்கை. எந்த வண்டிக்கும் இது பொருந்தும். கால்குலேட்டரே வேண்டாம்.

அந்தக் கூடுதல் ஆயிரம் சுற்று எங்கே போகிறது? பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் உரசுகின்றன, பேரிங்குகள் உரசுகின்றன, ஆயில் பம்பும் வாட்டர் பம்பும் ஆயிரம் சுற்று அதிகமாகச் சுற்றுகின்றன. இது ஒரு பாதி. இன்னொரு பாதி மூச்சு. இந்த வண்டி சமதளத்தில் 60-இல் போக ஐந்தாறு குதிரைத்திறன் போதும், ஆனால் இன்ஜினால் எண்பது கொடுக்க முடியும். அவ்வளவு கொடுக்கவிடாமல் த்ராட்டில் என்கிற தட்டு காற்று வரும் வழியை ஏறக்குறைய மூடி வைத்திருக்கிறது. இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் உறிஞ்சுகிறது. பெரிய கியர் போட்டால் சுற்று குறைகிறது. அதே வேலையைக் குறைந்த சுற்றில் முடிக்க வேண்டியிருப்பதால் த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது, மூச்சும் லேசாகிறது. உரசலும் குறைவு, உறிஞ்சலும் குறைவு.

ஆக, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் மிதிப்பதுதான் சிக்கனம் என்பது பாதி உண்மை. சின்னக் கியரில் மெல்ல மிதிப்பதைவிடப் பெரிய கியரில் சற்று அழுத்தி மிதிப்பது பெரும்பாலும் லாபம். அதற்கும் எல்லை உண்டு, இரண்டாவது அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: ஊருக்குள் பரவாயில்லை, நெடுஞ்சாலையில்தான் கொடுக்கவில்லை

முதல் சந்தேகம், டாப் கியரே விழவில்லை என்பது. சிரிக்காதீர்கள். என் உறவினர் ஒருவர் நாலு கியர் வண்டியிலேயே பல வருடம் ஓட்டியவர். புது வண்டி வாங்கி ஒரு மாதம் ஐந்தாவது கியரையே தொடவில்லை. பெரம்பலூர் தாண்டி 90-இல் போய்க்கொண்டிருக்கும்போது "மாமா, இன்னொரு கியர் இருக்கு" என்று சொன்னேன். முள் 3,000-க்கு மேலிருந்து 2,500 பக்கம் விழுந்தது. வண்டிக்குள் சத்தம் குறைந்ததைப் பார்த்து, "என்னடா, ஆஃப் ஆயிடுச்சா?" என்றார்.

சோதிப்பது எளிது. காலியான சமதளச் சாலையில் 60-இல் நிலையாக ஓட்டி, டேஷ்போர்டில் அந்தந்த நொடியின் மைலேஜ் காட்டும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். மூன்றாவதில் ஒரு நிமிடம், நான்காவதில் ஒரு நிமிடம், ஐந்தாவதில் ஒரு நிமிடம். பக்கத்தில் இருப்பவர் எண்ணைக் குறிக்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். திரும்பி அதே இடத்தில் எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள், காற்றும் லேசான ஏற்றமும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க. என் வண்டியில் மூன்றாவதில் 18 பக்கம் ஆடிய எண், ஐந்தாவதில் 22-ஐத் தாண்டியது. சாலையும் வேகமும் ஒன்றுதான், மாறியது கியர் மட்டும்.

கியர் சரியாக இருந்தும் கொடுக்கவில்லை என்றால் வேகத்தைப் பாருங்கள். டாப் கியருக்கு மேல் கியர் இல்லை, ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்று தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது, அதை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு 110-இல் பறந்துவிட்டு மைலேஜ் வரவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அதில் அரை மணி மிச்சம் பிடித்து டோல்கேட் வரிசையில் விட்டிருப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

அறிகுறி: மிதித்தால் வண்டி முக்குகிறது, உதறுகிறது, டக்டக்கென்று தட்டுகிறது

டிரைவர் அண்ணன் சொன்னதைக் கேட்டுத் திருந்திய நான் அடுத்த மாதமே எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். 40-இலேயே ஐந்தாவது. முள் 1,100 பக்கம். மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது, கியர் லீவர் கையில் நடுங்கியது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனார். அந்த டேங்கில் மைலேஜ் ஏறவும் இல்லை.

சுற்று குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்றால், இது ஏன் நஷ்டம்? தேவையான திறனை அவ்வளவு குறைந்த சுற்றில் இந்த இன்ஜினால் கொடுக்க முடியாது. நீங்கள் முழுக்க மிதிக்கிறீர்கள். முழு மிதிக்கு இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சிக்கனக் கணக்கை ஓரம்கட்டிவிட்டுத் திறன் கணக்குக்கு மாறிவிடும். வழக்கமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று கலப்பது, பல இன்ஜின்களில் 13-க்கும் கீழே இறங்கும். எரியக் காற்று போதாத பெட்ரோல் பாதி எரிந்து புகைக்குழாய் வழியே போகும். இன்னொன்று தட்டல். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் அதிகச் சுமை ஏற்றினால், தீப்பொறி பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் அந்த டக்டக். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும், ஆனால் அதே பெட்ரோலுக்குக் கிடைக்கும் வேலை குறையும்.

டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சின்ன நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் குறைந்த சுற்றும் முழு மிதியும் சேர்ந்தால், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது அது. மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு அந்தச் செலவுக்கு உறைபோடக் காணாது.

சரிசெய்யும் முறை: மிதித்து இரண்டு நொடிக்குள் வண்டி பதில் சொல்லவில்லை என்றால் இன்னும் மிதிக்காதீர்கள், ஒரு கியர் இறக்குங்கள். சமதளத்தில் ஒரே வேகத்தில் போக நாலு சிலிண்டர் பெட்ரோலுக்கு 1,500-இலிருந்து 2,000 வரை வசதியான இடம். மூன்று சிலிண்டர் கொஞ்சம் கூடுதலாக உதறும் என்பதால் சற்று மேலே வைத்துக்கொள்ளலாம். டர்போ டீசலில் இழுவை 1,750-2,000 பக்கமே முழுதாக வந்துவிடும், அதற்கு மேல் ரேஸ் பண்ணுவதில் பயனில்லை. டேஷ்போர்டில் அம்புக்குறி போட்டுக் கியர் ஏற்றச் சொல்லும் விளக்கு இருந்தால் அதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் மேம்பாலம் வருவது அதற்குத் தெரியாது.

அறிகுறி: நெடுஞ்சாலையில் நன்றாகக் கொடுக்கிறது, ஊருக்குள் கொட்டுகிறது

இதில் கியரின் பங்கு கொஞ்சம்தான், காலின் பங்கு அதிகம். வண்டி கிளம்பி ஏழெட்டு மீட்டரிலேயே இரண்டாவதுக்கு மாற்றிவிடலாம். ஒன்றாவது வண்டியை அசைக்க மட்டுமே. அதன்பின் 2,000-இலிருந்து 2,500-க்குள் ஒவ்வொரு கியராக ஏற்றுங்கள். மிக மெதுவாகக் கிளம்பி, ஒவ்வொரு கியரிலும் ரொம்ப நேரம் ஊர்வது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். சின்னக் கியரில் கழியும் நேரம்தான் கூடுகிறது. பாதி மிதியில் சுறுசுறுப்பாக வேகம் எடுத்து, சீக்கிரம் நான்காவதுக்குப் போய் நிலையாக ஓடுவது நல்லது. மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குப் போனாலும் தப்பில்லை.

எடுத்த வேகத்தை அடுத்த சிக்னலில் பிரேக்கில் கொட்டினால் எந்தக் கியரும் காப்பாற்றாது. சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே உருள விடுங்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினும் சும்மா இல்லை. ஏசி போட்ட 1.2 லிட்டர் வண்டி ஒரு மணி நேரம் நின்றால் முக்கால் லிட்டர், சில வண்டிகளில் அதற்கு மேலும் குடிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிற சிக்னல் என்று தெரிந்தால் அணைத்துவிடலாம்.

தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியா? அப்படியானால் இன்ஜின் சூடேறும் முன்பே அணைகிறது. சூடேறும்வரை கலவையில் பெட்ரோல் கூடுதலாகவே போகும். அதற்குக் கியரில் மருந்து இல்லை, நடந்து போகலாம்.

அறிகுறி: மலைப்பாதை போய் வந்தால் டேங்க் காலி

ஏறும்போது குடிப்பதைத் தவிர்க்க முடியாது. ஒரு டன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாவதில் 2,500-3,000-இல் சீராக ஏறுவது வண்டிக்கும் நல்லது, பெட்ரோலுக்கும் மோசமில்லை.

இறங்கும்போதுதான் பெரிய தப்பு நடக்கிறது. நியூட்ரலில் போட்டு இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. அப்போது கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர் வந்தபின் கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால், சுற்று 1,200-1,500-க்கு மேல் இருக்கும்வரை இசியூ இன்ஜெக்டரையே மூடிவிடும். செலவு சுழியம். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். ஒரு முறை நொடி மைலேஜ் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள் (பார்ப்பது பக்கத்து சீட்காரராக இருக்கட்டும்). கியரில் இருக்கும்போது எண் உச்சியில் போய் நிற்கும், நியூட்ரலுக்குப் போனதும் விழும்.

லேசான சரிவில், கியரில் விட்டால் வண்டி வேகம் இழந்து மறுபடி மிதிக்க வேண்டியிருக்கும், நியூட்ரலில் நீண்ட தூரம் உருளும் என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அங்கேயும் டாப் கியரில் விட்டால் போதும், இழுத்துப் பிடிப்பது கொஞ்சம்தான். செங்குத்தான இறக்கத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளின் கதை இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏறின கியர்லயே இறங்கு என்று அவர்கள் சொல்வது உயிருக்காக. இன்ஜெக்டர் வண்டியில் அதுவே பெட்ரோலுக்கும் லாபமாகிவிட்டது.

அறிகுறி: முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

இங்கே தப்பு ஓட்டுபவரிடம் இல்லை, அல்லது இனிமேல் இல்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. நான்காவதில் 50-இல் போய்க்கொண்டே திடீரென்று நன்றாக மிதியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் முள்ளும் வேகமும் ஒன்றாகத்தான் ஏறும். முள் மட்டும் சட்டென்று துள்ளி, வேகம் பின்னால் நிதானமாக வந்தால் பிளேட் போய்விட்டது. ஏற்றத்தில் எரிந்த வாடையும் வரும். மாற்றுவதைத் தவிர வழியில்லை. புது பிளேட்டும் சீக்கிரம் போகக் கூடாது என்றால், ஓடும்போது கிளட்ச் மேல் காலை வைத்திருக்கும் பழக்கத்தையும், ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திவைப்பதையும் விட வேண்டும்.

அறிகுறி: ஆட்டோமேட்டிக், ஆனாலும் முள் இறங்க மாட்டேன் என்கிறது

பழைய டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகத் திறனைக் கடத்தும்) வண்டியில் கியர் லீவர் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும், ஓவர்டிரைவ். யாராவது தெரியாமல் அழுத்தி அணைத்திருந்தால் டாப் கியருக்குப் போகவே போகாது, டேஷ்போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஸ்போர்ட் மோடிலேயே விட்டிருந்தாலும் அதே கதை. ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸை வண்டியே மாற்றிக்கொள்ளும்) வண்டி நேர் எதிர், அவசரப்பட்டுக் கியர் ஏற்றிவிட்டு மேம்பாலத்தில் திணறும். ஏற்றம் வருவதற்கு முன் மேனுவலுக்குத் தள்ளி ஒரு கியர் இறக்கிவிடுங்கள். நிலையாக ஓடும் இடத்தில் ஒரு நொடி காலை லேசாக எடுத்து மறுபடி வைத்தால் அடுத்த கியருக்குப் போய்விடும். சிவிடி-யில் கியர் என்று தனியாக இல்லை, மிதியைக் குறைத்தால் சுற்றைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அறிகுறி: எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், அப்படியும் வரவில்லை

இப்போது ஒர்க்‌ஷாப் போகலாம், ஆனால் போவதற்கு முன் இரண்டு விஷயம். டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். டிரைவர் பக்கக் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் எண்தான் கணக்கு, காற்றடிக்கும் பையன் சொல்வது இல்லை. அடுத்தது, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தின் ரிம் பக்கமும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், அனலே சொல்லும். மூன்று ஆறி, ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் அரை மணி ஓடியும் நடுவுக்கு வரவில்லை என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று நினைத்து இசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மெக்கானிக்கிடம் "மைலேஜ் வரல" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தச் சக்கரம் சுட்டது, முள் எங்கே நின்றது என்று சொல்லுங்கள். பிளக்கிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்.